முள் சொல்வதும் கம்பி செய்வதும்

1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னைக்கு 1975இலேயே தூர்தர்ஷன் வந்துவிட்டது என்றாலும் அதன் அலை தென்மாவட்டங்களை எட்டவில்லை. கரையோர ஊர்களில் பலர் முதலில் பார்த்த தொலைக்காட்சி கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்ததுதான். தேய்ந்து வரும் அந்த அலையைப் பிடிக்க மொட்டை மாடிகளில் இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி உயர்த்தினார்கள். உச்சியில் மீன் எலும்பு போன்ற ஆன்டெனா, அதிலிருந்து இறங்கிவரும் பட்டைக் கம்பி, கீழே பெட்டி. ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்புவார். வாசலில் நிற்பவர் வீட்டுக்குள்ளிருந்து வரும் குரலை மேலே கடத்துவார்: தெரியுது, போச்சு, இன்னும் கொஞ்சம் திருப்பு. அவர்களிடம் அளவுகருவி எதுவும் கிடையாது. திரையில் விழும் படம் ஒன்றே தீர்ப்பு. உயரம் கூடினால் படம் தெளிவதையும், பட்டைக் கம்பி இற்றுப்போனால் புள்ளி புள்ளியாய் இரைச்சல் விழுவதையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஆன்டெனாவைப் பற்றி அவர்கள் கற்றது குறைவுதான். ஆனால் கற்றவற்றில் பிழை இல்லை.

இன்று ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்குள் நுழைகிறவர் வேறொரு இடத்தில் நிற்கிறார். தேர்வு எழுதி உரிமம் பெற்று, டிரான்ஸீவர் ஒன்றை வாங்கி, மாடியில் கம்பியைக் கட்டி முடித்ததும் அவர் பார்ப்பது கருவியின் முகப்பிலுள்ள ஒரு முள்ளை. எஸ்.டபிள்யூ.ஆர். என்று அதற்குப் பெயர். தமிழில் நிலையலை விகிதம் எனலாம். முள் 1-ஐ ஒட்டி நின்றால் ஆன்டெனா நன்று, 2-ஐத் தாண்டினால் மோசம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தொடக்கக்காரர்கள் செலவிடும் நேரத்திலும் பணத்திலும் பெரும்பகுதி இந்த முள்ளைக் கீழிறக்கத்தான் போகிறது. இங்கேதான் கவனம் தவறான இடத்துக்குப் போகிறது என்று நினைக்கிறேன். டிரான்ஸ்மிட்டர் தனக்கு முன்னால் காணும் சுமையோடு ஒத்துப்போகிறதா என்பதை அந்த முள் சொல்லும். கொடுத்த திறனில் எவ்வளவு வானத்துக்குப் போனது என்பதைச் சொல்லாது. எண்ணெய் நிரம்பிய டப்பாவுக்குள் 50 ஓம் மின்தடை ஒன்றை வைத்து இணைத்தால் முள் சரியாக 1-இல் நிற்கும். கொடுத்த திறன் முழுவதும் எண்ணெயைச் சூடாக்கும். அடுத்த தெருவில்கூட ஒருவருக்கும் குரல் கேட்காது. கருவியைச் சோதிக்க ஹாம்கள் பயன்படுத்தும் டம்மி லோடு என்பது இதுதான். முள்ளின் கணக்கில் உலகிலேயே சிறந்த ஆன்டெனா அது.

கம்பி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு கம்பியில் எலக்ட்ரான்கள் சீராக ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் இருக்கும், அலை கிளம்பாது. அவை முன்னும் பின்னுமாக வேகம் மாறி ஊசலாடும்போதுதான் புலத்தின் ஒரு பகுதி கம்பியை விட்டுப் பிரிந்து வெளியே போகிறது. 1880களின் பிற்பகுதியில் கார்ல்ஸ்ரூவேயில் ஹெர்ட்ஸ் செய்த சோதனைகளின் மையத்தில் இருந்ததும், நடுவில் மின்சாரம் ஊட்டப்பட்ட இரு கைகள் கொண்ட இதே அமைப்புதான். அதன் பெயர் டைபோல். இன்றும் தொடக்கக்காரருக்கு அதைவிட நல்ல ஆன்டெனாவை என்னால் சொல்ல முடியாது. ஊசல் தன் இயல்பான வேகத்தில் ஆட வேண்டுமானால் கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருக்க வேண்டும். அலைநீளத்தை மீட்டரில் அறிய 300-ஐ மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 42 மீட்டர்; பாதி 21. ஆனால் கம்பியின் முனைகளில் மின்சுமை குவிவதால் கம்பி தன் உண்மை நீளத்தைவிடச் சற்று நீண்டதுபோல நடந்துகொள்ளும். ஆகவே ஐந்து விழுக்காடு குறைத்து 20 மீட்டர், கைக்குப் பத்து மீட்டர். வெட்டும்போது கொஞ்சம் கூடுதலாகவே விட்டு வையுங்கள். நீளமான கம்பியைக் குறைக்கலாம், குறைந்ததை ஒட்டுவது எரிச்சல். இந்தக் கம்பியின் நடுவில் மின்னோட்டம் அதிகம், முனைகளில் மின்னழுத்தம் அதிகம். வெட்டவெளியில் நடுப்புள்ளியில் காணும் எதிர்ப்பு சுமார் 73 ஓம். இந்த 73 ஓம் சூடாக வீணாகும் எதிர்ப்பு அன்று. அலையாக வெளியேறும் ஆற்றல் ஊட்டுமிடத்தில் எதிர்ப்பின் உருவில் தெரிகிறது, அவ்வளவுதான். இதைக் கதிர்வீச்சுத் தடை என்பார்கள். ஆன்டெனாவைப் பற்றிய பேச்சில் மனத்தில் நிறுத்த வேண்டிய ஒரே வேறுபாட்டைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அலையாகப் போகும் தடை ஒன்று, சூடாகப் போகும் தடை இன்னொன்று. முள்ளுக்கு இரண்டும் ஒன்றே.

டிரான்ஸ்மிட்டர் மேசையில், ஆன்டெனா உச்சியில். இரண்டையும் சேர்க்கும் கம்பி அலையைத் தானே வீசிவிடாமல் மேலே கொண்டுசேர்க்க வேண்டும். இரு கம்பிகளை அருகருகே வைத்து, ஒன்றில் போகும் மின்னோட்டத்துக்குச் சமமாக மற்றதில் எதிர்த்திசையில் ஓடவிட்டால், வெளியே இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தொலைக்காட்சிக் காலத்துப் பட்டைக் கம்பி இந்த வகை. இன்னொரு வழி, ஒரு கம்பியை மற்றதன் உள்ளே வைத்துவிடுவது: நடுவில் செம்பு, சுற்றிலும் பாலிஎத்திலீன், அதன்மேல் செம்புப் பின்னல். இதுதான் கோஆக்ஸ். ஒவ்வொரு கேபிளுக்கும் அதன் அளவுகளும் உள்ளிருக்கும் பொருளும் தீர்மானிக்கிற ஓர் இயல்பு எதிர்ப்பு, அதாவது இம்பீடன்ஸ், உண்டு. பட்டைக் கம்பிக்கு 300 ஓம். மடித்த டைபோலின் எதிர்ப்பு சாதாரண டைபோலைப்போல நான்கு மடங்கு என்பதால், யாகியும் உடாவும் 1926இல் ஜப்பானில் வெளியிட்ட ஆன்டெனாவின் வழிவந்த அந்த மீன் எலும்புக்கு 300 ஓம் கச்சிதமாகப் பொருந்தியது. ஹாம்கள் பயன்படுத்தும் கோஆக்ஸ் பெரும்பாலும் 50 ஓம். காற்றை இடைப்பொருளாகக் கொண்ட கோஆக்ஸில் மிக அதிகத் திறனைத் தாங்குவது 30 ஓம் பக்கம், மிகக் குறைந்த இழப்பு 77 ஓம் பக்கம். 50 என்பது இரண்டுக்கும் நடுவே கண்ட சமரசம். அது இயற்கை விதித்த எண் அன்று. ஆகையால் டைபோல் 50 ஓமிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பது குறையும் அன்று.

விலகி நின்றால் என்ன நடக்கும்? கேபிளில் போகும் அலை, கேபிளின் இயல்பு எதிர்ப்பிலிருந்து மாறுபட்ட சுமையைச் சந்திக்கும் இடத்தில் அதன் ஒரு பகுதி திரும்பி வரும். போவதும் வருவதும் கலந்து கேபிள் நெடுக மேடும் பள்ளமுமாக நிலையலை உண்டாகும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதம்தான் எஸ்.டபிள்யூ.ஆர். அது 1.5 ஆனால் திரும்பும் திறன் 4 விழுக்காடு. 2 ஆனால் 11. 3 ஆனால் 25. இந்த எண்களைப் பார்த்ததும் தொடக்கக்காரர் செய்யும் முடிவு: நூறு வாட்டில் 25 வாட் போயிற்று. இந்த முடிவு தவறு. திரும்பி வந்தது காணாமல் போவதில்லை. கேபிளின் கீழ்முனையில், சுமையை டிரான்ஸ்மிட்டருக்குப் பொருத்தித் தரும் டியூனர் இருந்தால், வந்த அலை அங்கே மீண்டும் திருப்பப்பட்டு, புதிதாகப் போகும் அலையோடு சேர்ந்து மறுபடி மேலே போகும். நிகர இழப்பு என்பது கேபிளின் ஊடாக அந்தக் கூடுதல் பயணங்களில் சூடாகும் ஆற்றல் மட்டுமே. ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த வால்ட்டர் மேக்ஸ்வெல் 1973 முதல் கியூ.எஸ்.டி. இதழில் எழுதிய தொடர் கட்டுரைகளின் சாரம் இதுதான். ஐம்பது ஆண்டு தாண்டியும் பழைய பயம் போகவில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. கணக்கு எளிது. ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் 30 மீட்டர், அதிர்வெண் 7 மெகாஹெர்ட்ஸ் என்றால், எல்லாம் பொருந்தி நின்றாலும் கேபிளின் சொந்த இழப்பு சுமார் 1.2 டெசிபெல். மேலே எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்று வைத்தால் மொத்த இழப்பு 1.8 ஆகும். கூடியது அரை டெசிபெலுக்குச் சற்றே மேல். எதிர்முனையில் கேட்பவரின் கருவியில் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு படி நகர 6 டெசிபெல் வேண்டும். இந்த வேறுபாட்டை எந்தக் காதும் பிரித்தறியாது. இதற்காக மழையிலும் வெயிலிலும் மாடிக்கும் தரைக்கும் நடந்து ஐந்து சென்டிமீட்டர் ஐந்து சென்டிமீட்டராகக் கம்பியை வெட்டுவது வீண் உழைப்பு.

முள் பயமுறுத்துவது ஒரு பக்கம். அது பொய்யாக ஆறுதல் சொல்வது இதைவிடக் கெடுதல். அதே 30 மீட்டர் ஆர்.ஜி.-58-ஐ 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பயன்படுத்துவோம். உள்ளூர் பேச்சுக்கு ஹாம்கள் அதிகம் புழங்கும் இடம் அது. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் செம்பின் மேற்தோலுக்கு ஒதுங்குவதால் இழப்பும் கூடும். இங்கே அது ஏறத்தாழ 6 டெசிபெல். 10 வாட் கொடுத்தால் மேலே போய்ச் சேர்வது இரண்டரை வாட். இப்போது காற்றில் ஆன்டெனா முறிந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் மேல்முனை வெறுமனே தொங்குகிறது. போன இரண்டரை வாட்டும் அப்படியே திரும்பும். இறங்கி வரும் வழியில் மறுபடி நாலில் ஒன்றாகக் குறையும். கீழே வந்து சேர்வது 0.6 வாட்டுக்குச் சற்று மேல். 10 வாட் போய் 0.6 வாட் வந்தால் முள் காட்டும் விகிதம் சுமார் 1.7. அதாவது ஆன்டெனாவே இல்லாத நிலையில், பலரும் ஏற்றுக்கொள்ளும் ஓர் எண்ணைக் கருவி காட்டுகிறது. திரும்பி வர வேண்டிய அலையை விழுங்கிக்கொண்டே கேபிள் முள்ளைத் தாழ்த்துகிறது. மோசமான கேபிள் எவ்வளவு மோசமாகிறதோ அவ்வளவு அழகாக முள் இறங்கும்.

இதே கதை தரையில் நிற்கும் ஆன்டெனாவிலும் வேறு உருவில் நடக்கிறது. கால் அலைநீளக் கம்பியை நிமிர்த்தி நிறுத்தி, தரையை மறுபாதியாகக் கொள்ளும் அமைப்பின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். அடியில் சில கம்பிகளை மட்டும் பரப்பி, மண்ணின் இழப்பாக 14 ஓம் சேர்ந்தால் மொத்தம் 50. முள் 1-இல் நிற்கும். ஆனால் கொடுத்த திறனில் 72 விழுக்காடுதான் அலையாகிறது. மீதி மண்ணைச் சூடாக்குகிறது. அக்கறையுள்ள ஒருவர் மேலும் இருபது முப்பது கம்பிகளைப் பரப்பி மண்ணிழப்பைக் கிட்டத்தட்டப் போக்கிவிட்டால் முள் 1.4-க்கு ஏறும். ஆன்டெனா தேறியிருக்கிறது, முள் மோசமாகியிருக்கிறது. முள்ளை மட்டும் நம்புகிறவர் தான் பரப்பிய கம்பிகளைத் தானே பிடுங்கிப் போடுவார்.

இதற்கு முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததே: விகிதம் 2-ஐத் தாண்டினால் என் கருவியே திறனைக் குறைத்துக்கொள்கிறதே, திரும்பி வரும் திறன் உள்ளே புகுந்து டிரான்சிஸ்டரை எரித்துவிடுமே? முதல் பாதி உண்மை. வால்வுக் காலத்து டிரான்ஸ்மிட்டர்களின் இறுதிநிலையில் கையால் சரிசெய்யும் சுற்று ஒன்று இருந்தது. அது பலவகைச் சுமைகளோடும் ஒத்துப்போகும். டிரான்சிஸ்டர் வந்தபின் அந்தச் சுற்று போய், 50 ஓமுக்கென்றே வடிவமைத்தார்கள். கூடவே பாதுகாப்புக்குத் திறனைக் குறைக்கும் ஏற்பாட்டையும் வைத்தார்கள். இரண்டாம் பாதி தவறான படம். திரும்பிய அலை ஏதோ வெந்நீர்போல உள்ளே கொட்டி எரிப்பதில்லை. பொருந்தாத சுமையில் டிரான்சிஸ்டருக்கு மின்னழுத்தமோ மின்னோட்டமோ அளவுக்கு மீறுகிறது, அதனால்தான் கெடுகிறது. ஆகவே டிரான்ஸ்மிட்டருக்கு 50 ஓம் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதை ஒரு சிறு டியூனர் காட்டிவிடும். ஆனால் அது டிரான்ஸ்மிட்டரின் தேவை. அந்தத் தேவை நிறைவேறியதை ஆன்டெனாவின் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

அப்படியானால் எந்தக் கம்பியையும் கட்டி, மேசையில் டியூனரை வைத்து முடித்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. இதுவும் அதே மயக்கத்தின் மறுபக்கம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை 14-இல் பயன்படுத்த ஆசைப்படுகிறோம். இரட்டிப்பு அதிர்வெண்ணில் கம்பி முழு அலைநீளம் ஆகிவிடுகிறது. நடுவில் மின்னோட்டம் மிகக் குறைவு, மின்னழுத்தம் மிக அதிகம். எதிர்ப்பு சில ஆயிரம் ஓம். 3000 என்று வைப்போம். 50 ஓம் கோஆக்ஸில் விகிதம் 60. ஆர்.ஜி.-58 30 மீட்டரின் இயல்பான இழப்பு இந்த அதிர்வெண்ணில் 1.7 டெசிபெல்தான், ஆனால் அலை மீண்டும் மீண்டும் போய்வருவதில் அது 11 டெசிபெலுக்கு ஏறிவிடும். நூறு வாட்டில் எட்டு வாட்கூட ஆன்டெனாவைச் சேராது. மேசையில் டியூனர் முள்ளை 1-இல் நிறுத்தியிருக்கும். பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். இதே இடத்தில் கோஆக்ஸை எடுத்துவிட்டு 450 ஓம் ஏணிக் கம்பியை, அதாவது இரண்டு கம்பிகளை இடையிடையே குச்சி வைத்து விலக்கி நிறுத்திய பழைய முறை ஊட்டுக்கம்பியைப் போடுங்கள். விகிதம் இன்னும் 7 பக்கம் இருக்கும். ஆனால் இடைவெளியில் பெரும்பாலும் காற்றே இருப்பதாலும் மின்னோட்டம் குறைவதாலும் மொத்த இழப்பு அரை டெசிபெலை எட்டாது; தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் போய்ச் சேரும். இரண்டு அமைப்பிலும் முள் 1. ஒன்றில் எட்டு, இன்னொன்றில் தொண்ணூறு. ஆக, கேட்க வேண்டிய கேள்வி விகிதம் எவ்வளவு என்பதன்று. இந்தக் கேபிளில், இந்த நீளத்தில், இந்த அதிர்வெண்ணில், இந்த விகிதத்துக்கு எவ்வளவு சூடாகிறது என்பதே. இழப்பு குறைந்த கம்பியில் பெரிய விகிதமும் பொறுக்கத்தக்கது. இழப்பு மிகுந்த கேபிளில் விகிதம் 1 இருந்தும் பயனில்லை. ஏணிக் கம்பியைச் சுவரோடும் இரும்புக் குழாயோடும் ஒட்டிக் கட்டக் கூடாது என்பது அதன் தொல்லை. அதனால்தான் கோஆக்ஸ் வென்றது. அந்த வெற்றிக்குக் காரணம் வசதி. இதை நினைவில் வைத்தால் போதும்.

கோஆக்ஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. தொடக்கக்காரரைக் குழப்பும் பாதி மர்மங்கள் அதில் அடங்கும். அதன் பின்னலுக்கு உள்முகம், வெளிமுகம் என இரண்டு முகங்கள். உயர் அதிர்வெண்ணில் இரண்டும் தனித்தனிக் கம்பிகள்போல நடக்கும். டைபோலின் நடுவில் ஒரு கை நடுச்செம்போடும் மற்றது பின்னலோடும் சேரும் இடத்தில், உள்முகத்தில் வந்த மின்னோட்டத்துக்கு இரண்டு வழிகள்: ஆன்டெனாவின் கைக்குப் போகலாம், அல்லது பின்னலின் வெளிமுகம் வழியே கீழே இறங்கலாம். இறங்கினால் கேபிளே மூன்றாவது கையாகிவிடும். மைக்கைத் தொட்டால் சுரீர் என்பதும், பேசும்போது வீட்டு ஒலிபெருக்கி கரகரப்பதும், எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சல் ரிசீவரில் நிறைவதும் பெரும்பாலும் இதனால்தான். கேபிளின் நீளத்தை மாற்றினால் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்குகிறது, ஆகவே சரியான நீளம் ஒன்று உண்டு என்று சிலர் சொல்வதற்கும் மூலம் இதுவே. பின்னலின் வெளிமுகம் அமைதியாக இருந்தால், இழப்பு மறைப்பதைத் தவிர, நீளத்தைப் பொறுத்து விகிதம் மாறக் காரணமில்லை. மாறினால் கேபிள் ஆன்டெனாவாகிவிட்டது என்று பொருள். மருந்து எளியது: ஊட்டுமிடத்தில் கேபிளையே சில சுற்றுச் சுருளாக்கிக் கட்டுவது, அல்லது ஃபெரைட் வளையங்களை அதன்மேல் கோப்பது. உள்ளே போகும் அலைக்கு இது தெரியாது. வெளிமுகத்தில் இறங்கப் பார்க்கும் மின்னோட்டத்துக்கு அது மதில்.

முள்ளிலிருந்து மீட்ட கவனத்தை எங்கே வைப்பது என்றால், ரூபவாஹினிக்காரர்கள் வைத்த இடத்தில்: உயரத்தில். 145 மெகாஹெர்ட்ஸில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். காற்றின் சிறு வளைப்பையும் சேர்த்தால், 9 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு அடிவானம் 12 கிலோமீட்டர், 25 மீட்டருக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல். திறனை இரட்டிப்பது எஸ்-மீட்டரில் அரைப்படி மட்டுமே நகர்த்தும். பக்கத்து வீட்டு மாடிக்கும் வேப்பமரத்துக்கும் மேலே ஏறிய ஆன்டெனா, அதுவரை கேட்கவே கேட்காத நிலையத்தைக் கேட்கவைக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் கதை சற்று மாறும், அங்கே உயரம் என்பது யாரோடு பேச வேண்டும் என்பதைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்து டைபோல் பெரும்பகுதியை நேர் மேலே அனுப்புகிறது. அது அயன மண்டலத்தில் பட்டுக் குடைபோல இறங்கும். சென்னையிலிருந்து மதுரை, கோவை, கொழும்பு என்று பேச அதுவே பொருத்தம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், நம் பகுதியில் பகல் நேரத்து அயன மண்டலம் அடர்த்தியாக இருப்பது இதற்குத் துணை. ஐரோப்பாவை எட்ட வேண்டுமானால் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்ப வேண்டும். அதற்கு அரை அலைநீளம், அதாவது 21 மீட்டராவது ஏற்ற வேண்டும், அது எல்லோருக்கும் முடியாது. ஒரே கம்பத்தின் உச்சியில் நடுவைக் கட்டி இரு கைகளையும் கூரைபோலச் சரியவிடும் தலைகீழ் வி அமைப்பு நடைமுறைக்கு நல்லது. அதன் எதிர்ப்பும் 50 ஓமை நோக்கி இறங்கும். தென்னையில் கட்டுகிறவர்கள் காற்றில் மரம் ஆடும் ஆட்டத்துக்குக் கப்பி ஒன்றும் கனம் ஒன்றும் வைத்துத் தளர்வு விட வேண்டும். எங்கே கட்டினாலும், கம்பி அறுந்து விழுந்தாலும் கம்பம் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத தூரத்தில்தான் கட்ட வேண்டும். இதில் சமரசமே கிடையாது. உயிர் போகும்.

வீட்டு வசதியில்லாதவர், அடுக்குமாடியில் இருப்பவர், உயரம் ஏற்ற முடியாதவர் என்ன செய்வது, அவருக்கு முள் ஒன்றுதானே ஆறுதல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருக்கும் பதில் கேபிளில் இருக்கிறது. உயரம் கைவசமில்லாதவர் இழப்பையாவது குறைக்கலாம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 30 மீட்டர் ஆர்.ஜி.-58-ஐ எடுத்துவிட்டு ஆர்.ஜி.-213 போட்டால் நாலில் ஒன்று சேர்ந்த இடத்தில் பாதிக்கு மேல் சேரும். இன்னும் நல்லது, கருவியை ஆன்டெனாவுக்கு அருகில் கொண்டுபோய்க் கேபிளையே பத்து மீட்டராகக் குறைப்பது. கேட்பதில் இதன் பலன் அனுப்புவதைவிடக் கூடுதல். 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சலே பலமானது. கேபிள் சமிக்ஞையையும் இரைச்சலையும் சேர்த்தே குறைப்பதால் காதுக்கு வேறுபாடு தெரியாது. 145-இல் வானம் அமைதி. அங்கே கேபிளில் தேய்ந்த சமிக்ஞை ரிசீவரின் சொந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும், பிறகு எவ்வளவு பெருக்கினாலும் இரண்டும் சேர்ந்தே பெருகும். தொலைக்காட்சிக்கு பூஸ்டரைப் பெட்டியின் பக்கத்தில் வைப்பதைவிடக் குழாயின் உச்சியில் வைப்பது பலன் தந்ததற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக மழை. வடகிழக்குப் பருவக்காற்றும் கரையோர உப்புக்காற்றும் கோஆக்ஸுக்குப் பகை. நாம் வழக்கமாகப் போடும் பி.எல்.-259 கனெக்டர் நீர் புகாதது அன்று; ரப்பர்போலத் தன்னோடு தானே ஒட்டும் டேப்பால் அடியிலிருந்து மேலாகச் சுற்றி மூடாவிட்டால், நீர் பின்னல் வழியே நூலில் எண்ணெய் ஏறுவதுபோல மீட்டர் கணக்கில் பரவும். செம்பு கறுக்கும், இழப்பு ஏறும், முள் இறங்கும். ஆகவே பருவமழை முடிந்ததும் முன்பைவிட எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கிறது என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சோதிக்கும் வழி, இதுவரை குறை சொன்ன அதே அளவைக் கொண்டுதான். மேல்முனையை ஆன்டெனாவிலிருந்து கழற்றி வெறுமனே விட்டுவிடுங்கள். கீழ்முனையில் நானோ வி.என்.ஏ. போன்ற சிறிய அனலைசரை இணைத்து விகிதத்தைப் படியுங்கள். டிரான்ஸ்மிட்டரின் முழுத் திறனை இப்படிக் கொடுக்க வேண்டாம். இங்கே எண் எவ்வளவு பெரிதோ கேபிள் அவ்வளவு நல்லது: 7-க்கு மேல் என்றால் இழப்பு 1.2 டெசிபெலுக்குள்; 3 என்றால் 3 டெசிபெல், கொடுத்ததில் பாதி கேபிளிலேயே போகிறது; 1.7 என்றால் முக்கால் பங்கு போயிற்று. அக்டோபரில் ஒருமுறை, பொங்கலுக்குப் பின் ஒருமுறை படித்து, அதிர்வெண்ணோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.